செபமாலையை மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்: விசுவாசத்தை இழந்துவிட்டேனா?

இந்த வாரக் கடிதம் நான்கு பக்கம். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 46 வயது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரை மூன்று ஆண்டுகளாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மகனுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து ஒரு நேர்ச்சை செய்திருக்கிறார்: "பிள்ளை பிழைத்தால் சாகும்வரை தினமும் 153 மணி செபமாலை சொல்கிறேன், ஆண்டவரே." மகன் பிழைத்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். பல ஆண்டுகள் நேர்ச்சையை நிறைவேற்றியவருக்கு, மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு 53 மணி (மணிக்கு ஒரு செபம்) சொல்வதே பெரும்பாடாகிவிட்டது.

ஓராண்டாக இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. செபத்தில் பராக்கு (கவனச் சிதறல்) வந்தால் அந்தப் பத்து மணியை மறுபடி முதலிலிருந்து சொல்கிறார். அதிலும் பராக்கு வந்தால் மறுபடியும். ஒரே தேவ இரகசியத்தை, அதாவது ஒரே பத்து மணித் தொகுதியை, எட்டு முறை சொன்ன இரவுகள் உண்டாம். முடிக்கும்போது இரவு ஒரு மணியைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு மாமியார் கூப்பிடுவார். மகன் போன பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றதற்கு, நேர்ச்சை தவறியதுதான் காரணம் என்று நம்புகிறார். வாராவாரம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்கிறார். "ஒன்றுமில்லம்மா, சமாதானமாகப் போங்கள்" என்று சாமி சொன்னால், அவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று அடுத்த பங்குக் கோவிலுக்குப் போய் அதையே மறுபடி சொல்கிறார். செபத்தில் முன்பிருந்த ஆறுதல் துளியும் இல்லை. "செபமாலை உருட்டுற நேரத்துக்குத் தூங்கலாமே" என்கிறார் கணவர். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "இப்படியே ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது."

சகோதரி, அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன். களைத்துப்போன பலருக்கும் இந்த எண்ணம் வருவதுண்டு, வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம். அது பாவமும் இல்லை. ஆனால் அதை இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அந்த எண்ணம் அடிக்கடி வந்தால், அல்லது "எப்படிப் போவது" என்று யோசிக்கும் அளவுக்கு வளர்ந்தால், வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் மனநல ஆலோசகர், குரு அல்ல. ஆனால் செபம், நேர்ச்சை, பாவசங்கீர்த்தனம் என்று தொடங்கும் பிரச்சினைகளோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அதனால் திருச்சபை இவற்றைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: செபத்தின் வறட்சி, பாவமோ என்ற ஓயாத அச்சம், உடல் களைப்பு. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. நீங்களோ மூன்றுக்கும் இன்னும் அதிகமாகச் செபம் சொல்வதையே மருந்தாக்கியிருக்கிறீர்கள். அதுதான் நோயை வளர்க்கிறது.

பராக்கு வந்தால் செபம் செல்லாதா?

செல்லும். நீங்கள் மிக உறுதியாகத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, செபத்தில் எல்லாருக்கும் வழக்கமாக வரும் தொல்லையே பராக்குதான் என்கிறது (எண் 2729). அதோடு இன்னொன்றும் சொல்கிறது: பராக்குகளைத் துரத்திப் பிடிக்கக் கிளம்பினால் அவற்றின் வலையிலேயே விழுவோம், மனத்தை ஆண்டவர் பக்கம் திருப்பினால் போதும். திரும்பினால் போதும் என்றுதான் இருக்கிறது, முதலிலிருந்து சொல்லச் சொல்லவில்லை. ஆறாவது மணியில் மாமியாரின் மாத்திரை நினைவுக்கு வந்ததா? ஏழாவது மணியிலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான்.

குழந்தை இயேசுவின் தெரேசாவை உங்களுக்குத் தெரியும். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். அவரே, தனியாகச் செபமாலை சொல்வது உடலை வருத்தும் தவக்கருவியை அணிவதைவிடத் தனக்குக் கடினமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு முயன்றும் தேவ இரகசியங்களில் மனம் நிலைக்கவில்லையாம். மடத்தில் செப நேரத்தில் தூங்கியும் போயிருக்கிறார். தூங்கும் குழந்தைகளையும் பெற்றோர் விழித்திருக்கும் குழந்தைகளைப் போலவேதானே நேசிக்கிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். இன்னொரு தெரேசா, அவிலாவின் பெரிய தெரேசா, செப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டே இருந்த காலம் தனக்கும் இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னவர். இவர்கள் யாரும் எட்டு முறை திருப்பிச் சொன்னதாக நான் படித்ததில்லை.

நிறுத்தி நிறுத்திச் சொன்னால் செபமாலை வீண் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கோவிலிலோ குடும்பமாகவோ செபமாலை சொல்லி நிறைபலன் (பாவத்துக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெற விரும்புகிறவர்கள் ஐந்து பத்து மணித் தொகுதிகளையும் தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அது அந்தப் பலனுக்கான நிபந்தனை மட்டும்தான். காலையில் ஒரு பத்து மணித் தொகுதி, மதியம் ஒன்று என்று பிரித்துச் சொல்கிறவரின் செபம் செபம் இல்லாமல் போய்விடாது.

வறட்சி வேறு, மனச்சோர்வு வேறு

செபத்தில் சுவை இல்லாமல் போவது நம்பிக்கை போனதற்கு அடையாளம் இல்லை. கொல்கத்தாவின் அன்னை தெரசா பல பத்தாண்டுகள் அந்த இருட்டிலேயே இருந்தார் என்பது, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளியானபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள், கடைசி வரிவரை புலம்பல்தான். வழக்கமாக வரும் "ஆனாலும் உம்மைப் புகழ்வேன்" கூட அதில் இல்லை. அதையும் செபம் என்று சொல்லித்தான் விவிலியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதைச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டால் நான் பாதி வேலைதான் செய்தவனாவேன். ஆன்மீக வறட்சியில் இருப்பவருக்குச் செபம் மட்டும் கசக்கும். சாப்பாடு, சிரிப்பு, பிள்ளையின் பேச்சு எல்லாம் வழக்கம்போல இருக்கும். உங்களுக்கோ பசியும் இல்லை, பாட்டுக் கேட்கவும் பிடிக்கவில்லை, அக்காவின் ஃபோனைக்கூட எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மணி நேரத் தூக்கம் வேறு. இதையெல்லாம் "ஆன்மாவின் இருண்ட இரவு" என்று உயர்வாகப் பெயரிட்டுத் தாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. இது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வயதில் தைராய்டு, இரத்தசோகை இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். அதற்கெல்லாம் சிகிச்சை உண்டு.

திரும்பத் திரும்பச் சொல்வது, பாவசங்கீர்த்தனத்துக்குப் பங்கு மாறி மாறிப் போவது, இவை இன்னொன்றையும் காட்டுகின்றன. ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் சிலருக்குக் கை கழுவுவதாக வரும், சிலருக்குப் பூட்டைச் சரிபார்ப்பதாக வரும், பக்தி உள்ளவர்களுக்குப் பக்தியின் உருவத்திலேயே வரும். ஒரு சந்தேகம் வருகிறது. பதற்றம் ஏறுகிறது. செபத்தைத் திருப்பிச் சொன்னால் பதற்றம் சற்றே தணிகிறது. அந்தத் தணிவு மனத்துக்குப் பழகிப்போவதால் அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது. "ஒன்றுமில்லம்மா" என்ற சாமியின் பதில் ஒரு நாள்கூட நிலைக்காததற்கும் இதுதான் காரணம். சாமி சொன்னதில் குறை இல்லை.

இது புதிய நோயும் இல்லை. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, மூன்று நாள் செலவழித்து எழுதி வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தும், எதையோ விட்டுவிட்டோம் என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் தவித்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனது. கடைசியில் பழைய பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார். பிற்காலத்தில் தன் "ஆன்மீகப் பயிற்சிகள்" நூலில் இந்த அச்சத்துக்கென்றே தனிக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார்.

மருத்துவர் உங்களிடம் "சாமி கும்பிடாதே" என்று சொல்லிவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல மருத்துவர் அதைச் சொல்ல மாட்டார். பதற்றத்தை எதிர்கொண்டும் திருப்பிச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஒரு பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரை தருவார். இந்த நோய்க்கு அது முழுதாக வேலை செய்ய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டாம் வாரமே பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பங்குச் சாமியிடம் பேச மருத்துவருக்கு நீங்கள் அனுமதி கொடுத்தால் இன்னும் நல்லது.

நேர்ச்சை உங்களை எந்த அளவுக்குக் கட்டும்?

கடிதத்தில் நீங்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். திருச்சபைச் சட்டம் இதில் நீங்கள் நினைப்பதைவிட மிகவும் மென்மையானது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1191 முதலான எண்களில் இது இருக்கிறது. நேர்ச்சை என்பது ஆய்ந்து, சுதந்திரமாக, கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அது செய்ய முடிந்த நன்மையாக இருக்க வேண்டும். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது ஒரு தாய் எந்த அளவுக்கு ஆய்ந்து பேசியிருப்பார் என்று எனக்குக் கேள்வி உண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து ஆராயாதீர்கள்.

நேர்ச்சை, செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது எண் 1193. உங்கள் மகனை அது கட்டாது. அவன் தேர்வில் தோற்றதற்கு அவன் படித்ததும் படிக்காததும் காரணமாக இருக்கலாம், பத்தொன்பது வயதில் வேறு ஆயிரம் காரணங்களும் இருக்கும். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் காட்டி, "இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா?" என்று சீடர்கள் கேட்டார்கள். இயேசு இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). நீங்கள் கேட்டிருப்பதும் சீடர்கள் கேட்ட அதே கேள்விதான்.

சரி, என்ன செய்யலாம்? சட்டப்படி உங்களுக்கு வழிகள் இருக்கின்றன. நியாயமான காரணம் இருந்தால், மற்றவர் உரிமை பாதிக்கப்படாதவரை, தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து பங்குத்தந்தையே விடுதலை தரலாம் (எண் 1196). மேலிடத்துக்கு எழுத வேண்டாம். இல்லையென்றால் அவர் அதைச் சிறிய ஒன்றாக மாற்றித் தரலாம். அதற்கு இணையான அல்லது மேலான ஒரு நன்மையாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது (எண் 1197).

கடைசி வழியை நீங்கள் தொடவே வேண்டாம். எது இணை, எது மேல் என்று எடைபோட ஆரம்பித்தால் உங்களுக்கு விடிந்துவிடும். இரண்டாவதும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "தினமும் பத்து மணி" என்று குறைத்துக் கொடுத்தாலும், அந்தப் பத்து மணிக்கே புதுக் கணக்கு தொடங்கிவிடுவீர்கள். நேராகப் பங்குச் சாமியிடம் போய், "ஃபாதர், இந்த நேர்ச்சையிலிருந்து எனக்கு முழு விடுதலை வேண்டும்" என்று கேளுங்கள். மூளைக்காய்ச்சல், மாமியார், உங்கள் உடல்நிலை, எட்டு முறை திருப்பிச் சொல்வது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் விடுவித்தால் முடிந்தது. வேறொரு சாமியிடம் அதை உறுதிப்படுத்தப் போகக்கூடாது. எழுதித் தாருங்கள் என்றும் கேட்கக்கூடாது.

அவரையே உங்கள் ஒரே ஆன்ம குருவாக வைத்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனம் மாதம் ஒரு முறை போதுமா என்று அவரிடமே கேளுங்கள். சாவான (மிகக் கனமான) பாவங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையிட வேண்டும் என்பதே சட்டம் விதிக்கும் கடமை. உங்களைப் போன்றவர்களுக்கு அனுபவமுள்ள குருக்கள் ஒரு விதி வைப்பதுண்டு: சாவான பாவம்தான் என்று சத்தியம் செய்யும் அளவுக்கு உறுதி இருந்தால் மட்டும் சொல்லுங்கள், சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள். இது பாவத்துக்குச் சலுகை தருவதாகாது. பாவமோ என்ற அச்சம் உள்ளவருக்கு எல்லாமே சந்தேகமாகத் தெரியும் என்பதால் வைத்த விதி.

ஞாயிறு பூசை

சுருக்கமாகச் சொல்கிறேன். நோய், குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற தக்க காரணம் இருந்தால் ஞாயிறு கடமை கட்டாது (மறைக்கல்வி, எண் 2181). மாமியாரைத் தனியே விட முடியாத ஞாயிறுகளில் நீங்கள் பாவம் செய்யவில்லை. மாமியாருக்கு நற்கருணை கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது நீங்களும் வாங்கலாம். நற்கருணைக்கு முன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் தளர்த்தப்பட்டிருக்கிறது (சட்டத் தொகுப்பு, எண் 919).

இனி எப்படிச் செபிப்பது?

மருத்துவரைப் பார்க்கும்வரை இதைச் செய்து பாருங்கள். ஒரு நாளைக்குச் செபமாலையின் பத்து மணிகள் மட்டும். பகல் வெளிச்சத்தில், மாமியார் தூங்கும் நேரத்தில். படுத்துக்கொண்டும் சொல்லலாம். அலைபேசியில் பத்து நிமிடம் அலாரம் வையுங்கள். அடித்ததும் எந்த மணியில் இருந்தாலும் சிலுவை அடையாளம் போட்டு முடித்துவிடுங்கள். நடுவில் பராக்கு வந்தாலும், ஒரு மணியை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தாலும், ஒன்றையும் திருப்பிச் சொல்லாதீர்கள். முதல் சில நாள்கள் நெஞ்சு படபடக்கும், தவறு செய்துவிட்டதாகவே தோன்றும். பொறுத்திருந்தால் அது தானாக இறங்கும். திருப்பிச் சொல்லாமலே அது இறங்குவதை உங்கள் மனம் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும்.

இரவு பத்து மணிக்கு மேல் செபமாலையை எடுக்காதீர்கள். படுக்கும்போது "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று ஒரு மனவல்லய செபம் போதும், ஒரே ஒரு முறை.

"மாமியாரைக் குளிப்பாட்டுவதே செபம்தானே" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் குளிப்பாட்டாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்தீர்கள் என்ற ஆண்டவரின் சொல் உங்களுக்கும் பொருந்தும், சந்தேகமில்லை. ஆனால் அதைக் காட்டி ஒருவர் தலையிலேயே எல்லா வேலையையும் கட்டுவது நியாயமாகாது. உங்கள் கணவர் கேலியாகச் சொன்னாலும், தூக்கம் வேண்டும் என்ற அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள்: "சரி, தூங்குகிறேன். வாரத்தில் மூன்று விடியற்காலை உங்கள் அம்மாவை நீங்கள் பாருங்கள்." அவருடைய அம்மாதானே. மகனும் வீட்டில் இருக்கும் நாள்களில் ஒரு வேளையைப் பார்த்துக்கொள்ளலாம். அவனுடைய தோல்வியைவிட உங்கள் கண்ணீர்தான் அவனுக்குப் பாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். இது பிடிவாதமோ பக்திப் பைத்தியமோ இல்லை என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்பது நல்லது.

கடைசியாக, உங்கள் பின்குறிப்பு. "இந்தச் செபத்தைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் குடும்பத்தில் துன்பம் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அழித்துவிடுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்ற எண்ணிக்கையில் பலன் இருக்கிறது என்று நம்புவதை மறைக்கல்வி ஏடு மூடநம்பிக்கை என்ற தலைப்பில்தான் வைக்கும் (எண் 2111). அனுப்பியவர் உறவினர் என்றால், இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழித்த பிறகு, அழித்ததற்குப் பரிகாரமாக எந்தச் செபமும் சொல்ல வேண்டாம்.